இரண்டாவது எஞ்சினும் ஏன் செத்தது?

(போயா விடுமுறையன்று கொட்டாஞ்சேனையில் நடைபெற்ற சங்கத்தின் கொழும்புக் கிளைக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. பேசியபடியே தருகிறோம்.)



போயா நாளில் காலை நீட்டிப் படுக்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வாரம் முழுக்க வெள்ளவத்தைப் புடவைக் கடையிலும் கொட்டாஞ்சேனை ஹாட்வெயாரிலும் சாப்பாட்டுக் கடை அடுப்படியிலும் நின்ற கால்கள். அதனால் சுருக்கமாகப் பேசுவேன் என்று செயலாளரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாத்தியாரின் அந்த வாக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

வழமையாக இங்கே 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், கிழமைக்கு 45 மணித்தியாலம், சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம் என்று கதைப்போம். இன்றைக்கு இந்தச் சாக்குக்குள் இருக்கிற இரண்டு எஞ்சினைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். இரண்டும் சங்கிலி வாள் எஞ்சின்கள். இரண்டும் செத்துவிட்டன. முதலாவது ஏழு மாதம் ஓடியது. அதற்குப் பதிலாகப் போட்ட புது எஞ்சின் இரண்டே நாள் ஓடியது.

மரம் வெட்டுகிற மெசினுக்கும் கொழும்புக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. சம்பந்தம் உங்கள் போனில் இருக்கிறது. தோட்டத்தில் மெசின் பழுதானால் முதல் அழைப்பு யாருக்கு வருகிறது? "அண்ணே, எஞ்சின் போயிருச்சு, அங்க ஒண்ணு வாங்கி நைட் மெயிலுக்குக் குடுத்தனுப்பு." காசு உங்களுடையது. கடைக்கு ஏறி இறங்குவது நீங்கள். அப்புறம் பிழைத்தால் பேச்சுக் கேட்பதும் நீங்கள்தான். இந்தச் சாக்கில் இருக்கிற இரண்டாவது எஞ்சினை வாங்கி அனுப்பியவர் வெள்ளவத்தையில் வேலை செய்கிறார். இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் சேர் என்றார், சொல்லவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்று. மூன்று தம்பிமார், மூவரும் என்னிடம் படித்தவர்கள். மலையில் பேர் போட்டு நின்றவர்கள், பிறகு ஒரு கொந்தராத்துக்காரரிடம் மரம் வெட்டப் போனார்கள். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கிற சவுக்கு, மேட்டில் நிற்கிற டர்பன்டைன், இவைதான் வேலை. வாள் கொந்தராத்துக்காரர் கொடுத்தது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை, மாதாமாதம் கூலியில் பிடித்துக்கொண்டார். 58 சிசி சீன வாள், சந்தையில் எங்கும் கிடைக்கிற சாதி. அதைக் குறைவாகப் பேச நான் வரவில்லை. அதே வாள் நாலு வருடம் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஏழாவது மாதம் ஒரு மரத்தின் பாதி வெட்டில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கயிறு இழுபடவில்லை. டவுனில் ஒரு பாஸ் பார்த்தார். சைலன்சரைக் கழற்றி, ஓட்டைக்குள் டோர்ச் அடித்து, "பிஸ்டன் கீறிப்போச்சு, எஞ்சினையே மாத்துங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பிஸ்டன் கீறித்தான் இருந்தது. ஆனால் ஏன் கீறியது என்று அவர் சொல்லவில்லை, நம்ம ஆட்களும் கேட்கவில்லை. இந்தக் கூட்டத்தில் நான் சொல்ல வந்த விசயமே அந்தக் கேட்காத கேள்விதான்.

அண்ணன் கொழும்பில் எஞ்சின் வாங்கினார். 18,900 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளப்படி பார்த்தால் 14 நாள் பேர். எஞ்சின் ரயிலில் போனது, பாஸ் பூட்டினார், இரண்டாவது இழுப்பில் பிடித்தது. எல்லோருக்கும் சந்தோசம். முதல் நாள் பின்னேரம் வாள் சும்மா நிற்கும்போதே தானாகக் கூவத் தொடங்கியது. ட்ரிகரை விட்டாலும் சத்தம் இறங்கவில்லை. "புது எஞ்சின் இல்லையா, சூடு பிடிச்சிருக்கு" என்று ஐடில் ஸ்குறூவைத் திருப்பி இறக்கிவிட்டார்கள். இரண்டாம் நாள் காலையில் பலம் இல்லை, மரத்தில் வைத்தால் அமுங்கியது. பதினொரு மணிக்கு இரண்டாவது எஞ்சினும் இறுகியது. அதற்குச் சற்று முன்னால் இன்னொன்றும் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணன் கடைக்குப் போனார். "ஒயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார்கள். தம்பிமார் சத்தியம் பண்ணினார்கள், ஒயில் கலந்தோம், கடைக்காரன் டூப்ளிகேட் சாமான் விற்றுவிட்டான். பாஸைக் கேட்டால், "சைனா எஞ்சின் அப்படித்தான்." மூன்று பேரும் மற்றவனைக் கையைக் காட்டினார்கள். எஞ்சினைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

சங்கத்துக்குப் புகார் வந்தது. நான் வாத்தியார், மெக்கானிக் இல்லை. செத்த எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வந்தேன். இங்கே ஜம்பட்டா வீதிக்கு உள்ளே ஓர் ஒழுங்கையில் வயதான பாஸ் ஒருவர் இருக்கிறார், முகத்துவாரத்து மீன்பிடி வள்ளங்களின் அவுட்போட் மோட்டர் செய்து செய்து கை பழுத்தவர். சிங்களமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். எஞ்சினை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவேயில்லை. "முதல் எஞ்சின் எங்கே?" என்று கேட்டார்.

முதல் எஞ்சின் லயத்து வாசலில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. பழைய இரும்புக்காரன் வந்திருந்தால் அதுவும் போயிருக்கும். அதற்காக இன்னொரு முறை போய் வந்தேன். பஸ் காசு வீண் என்று அன்றைக்கு மனதுக்குள் திட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டையும் திறந்து பிஸ்டன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதோ, இவைதான். கிட்ட வந்து பாருங்கள். இரண்டிலும் கீறல் ஒரே பக்கத்தில், புகை வெளியே போகிற சைலன்சர் பக்கத்தில். காற்று உள்ளே வருகிற பக்கம் வழுவழு என்றிருக்கிறது. பாஸ் சொன்னார்: தூசி உள்ளே போயிருந்தால் கீறல் காற்று வருகிற பக்கத்தில் தொடங்கும், எயார் பில்டரைப் பார்க்க வேண்டும். குளிர்ச்சி இல்லாமல் எஞ்சின் முழுக்கச் சூடேறியிருந்தால் பிஸ்டனின் நாலு மூலையிலும் கீறல் இருக்கும், சிலிண்டர் செதில்களுக்கு இடையில் மரத்தூள் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைலன்சர் பக்கம் மட்டும் கீறினால், அதுதான் அதிகம் சூடேறுகிற பக்கம், எஞ்சினுக்குப் பெற்றோலோ ஒயிலோ குறைவாகப் போயிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். காருக்கு இருக்கிற மாதிரி இந்த எஞ்சினுக்குத் தனி ஒயில் சட்டி கிடையாது. பெற்றோலோடு கலந்து போகிற ஒயில்தான் பிஸ்டனுக்கும் பெயாரிங்குக்கும் சாப்பாடு. ஆகவே பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறைகிறது. எஞ்சின் பசியில் இன்னும் வேகமாக ஓடும், கேட்பவனுக்குப் பலம் கூடிவிட்ட மாதிரி இருக்கும். ஓடி ஓடிச் சூடேறி இறுகும்.

சரி, ஒயில் போடவில்லையா? கடைக்காரர் சொன்னது சரியா? பாஸ் தம்பிமாரின் கானில் மீதி இருந்த கலவையைக் கேட்டார். நல்லவேளை கொண்டுபோயிருந்தேன். ஒரு துண்டு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு முற்றத்தில் வைத்தார். பெற்றோல் ஆவியாகிவிட்டது. தாளில் எண்ணெய் வட்டம் அப்படியே நின்றது. ஒயில் கலந்திருக்கிறார்கள். கிராங் கூட்டின் அடியிலும் எண்ணெய்ப் பசை இருந்தது. கடைக்காரர் சொன்னது பிழை.

ஆனாலும் எவ்வளவு கலந்தார்கள் என்று நான் தம்பிமாரைக் கேட்டேன். "சோடா மூடியால நாலு மூடி சேர்." எத்தனை லீற்றருக்கு? "கான் நிறைய." கான் எத்தனை லீற்றர்? பதில் இல்லை. அந்த வாளின் புத்தகத்தில் 25க்கு 1 என்று போட்டிருக்கிறது, லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். சில கம்பனிகள் தங்கள் ஒயிலுக்கு 50க்கு 1 போதும் என்கின்றன, அது லீற்றருக்கு 20. புத்தகத்தில் உள்ளதைச் செய்யுங்கள், மருந்துக்கடையில் இருமல் மருந்துக்குக் கொடுக்கிற அளவுக் கோப்பை ஒன்று போதும். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கம். விகிதசமன் பாடத்தை அந்த மூவருக்கும் படிப்பித்தது நான். மாம்பழம், பென்சில், சீனி என்று கரும்பலகையில் எழுதினேன். அவர்களில் ஒருவன் அந்தத் தவணையில் கணக்கில் நல்ல புள்ளி எடுத்தவன். ஒயிலும் பெற்றோலும் வைத்து ஒரு கணக்கு நான் கொடுத்ததில்லை. இப்போது கொடுக்கிறேன்.

அளவு குத்துமதிப்புத்தான், ஆனால் இரண்டே நாளில் எஞ்சினைக் கொல்கிற அளவுக்குக் குறைவில்லை என்றார் பாஸ். வேறு ஒன்று இருக்க வேண்டும். "வாளைக் கொண்டு வா" என்றார். மூன்றாவது பயணம்.

வாளை வாங்கியதும் அவர் காபரேற்றரைக் கழற்றி, அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற இறப்பர் குழாயை எடுத்தார். பூட் என்று சொல்கிறார்கள். நீளம் என் கட்டைவிரல் அளவு. வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் மடக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடிப்பக்கம், கழுத்து மடிகிற இடத்தில், ஒரு விரல்நகம் நீளத்துக்கு வெடிப்பு. கையை விட்டால் மூடிக்கொள்கிறது. எஞ்சின் அதிர்ந்து இழுக்கும்போது திறக்கிறது.

காற்றும் பெற்றோலும் காபரேற்றரில் கணக்காகக் கலந்து வருகின்றன. அந்தக் கணக்குக்குப் பிறகு, இந்த வெடிப்பு வழியாகக் கள்ளக் காற்று உள்ளே போகிறது. கலவையில் பெற்றோல் குறைகிறது, கூடவே ஒயிலும் குறைகிறது. முதல் எஞ்சினைக் கொன்றது இந்த இறப்பர். டவுன் பாஸ் எஞ்சினை மாற்றும்போது இதே இறப்பரை எடுத்துப் புது எஞ்சினில் பூட்டினார், ஏனென்றால் வாங்கி அனுப்பிய எஞ்சினோடு பூட் வரவில்லை. கொன்றவனையே கூட்டிவந்து புது வீட்டில் வைத்த மாதிரி. எஞ்சின் தானாகக் கூவியது அதன் அடையாளம். அந்த நேரமே நிறுத்தியிருந்தால் 18,900 ரூபா தப்பியிருக்கும். ஐடில் ஸ்குறூவை இறக்கியது காய்ச்சல்காரனின் தேர்மோமீற்றரை உடைத்த மாதிரி.

பூட்டின் விலை, நண்பர்களே, ஒரு நாள் பேருக்கும் குறைவு.

பார்ப்பது என்பது ஒரு பெரிய வேலை. இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிற வாள் சங்கிலியின் பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்று ஒரு மரம் வெட்டுகிறவர். அடிக்கடி அரம் போட வேண்டியிருந்த பழைய சங்கிலியோடு மாரடித்தவர். 1946இல் விறகு பிளக்கும்போது, மரத்தைத் தின்கிற வண்டுப் புழு இடமும் வலமுமாகத் துளைத்துப் போவதைக் கவனித்தார். அந்தத் தாடையின் வடிவத்தில் இரும்பில் பல் செய்தார். புழு எல்லோர் கண்ணிலும்தான் பட்டிருக்கும்.

புது எஞ்சின் போட்ட பிறகு வாள் மக்கர் பண்ணினால் காரணம் எப்போதும் பூட் இல்லை. அந்தப் பாஸிடம் நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டதைச் சொல்கிறேன். குறித்துக்கொள்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் பிடிக்கவே இல்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, நெருப்பு வரவில்லை. காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி வேலை முடிந்தது. நெருப்பு இல்லை என்றால், முதலில் ஸ்டொப் சுவிட்ச் வயர். எஞ்சினை மாற்றும்போது அது மூடிக்கு அடியில் நசுங்கி உடம்பில் தொட்டுக்கொண்டிருக்கும், மெசின் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. அடுத்தது கொயிலுக்கும் பிளைவீலுக்கும் உள்ள இடைவெளி. ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்பு, 0.3 மில்லிமீற்றர். கொயில் ஸ்குறூவைத் தளர்த்தி, கார்ட்டை நடுவில் வைத்து, காந்தம் இழுத்துப் பிடித்ததும் இறுக்கினால் சரி. பிளைவீலின் சாவி வெட்டுப்பட்டிருந்தால் நெருப்பு வரும், ஆனால் நேரம் தப்பி வரும், கயிறு கையைத் திருப்பி இழுக்கும். நெருப்பைச் சோதிக்கும்போது பிளக்கைச் சிலிண்டர் ஓட்டைக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டாம், உள்ளே பெற்றோல் ஆவி இருக்கிறது.

பிளக் காய்ந்திருந்தால், பெற்றோல் குழாய், டேங்குக்குள் தொங்குகிற பில்டர், இவற்றோடு பூட்டின் கெஸ்கட்டையும் பாருங்கள். இந்தச் சாதி வாளில் காபரேற்றர் பெற்றோலை இழுப்பது கிராங் கூட்டின் துடிப்பால். அந்தத் துடிப்பு வருகிற சின்னத் துளை பூட்டிலும் கெஸ்கட்டிலும் இருக்கிறது. கெஸ்கட்டை மாற்றி வைத்தால் துளை அடைபடும், டேங்க் நிறையப் பெற்றோல் இருந்தும் எஞ்சினுக்கு ஒரு சொட்டும் போகாது. இதை வைத்து நல்ல காபரேற்றரைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

பிடித்து, பத்து நிமிடம் ஓடி, நின்றுவிடுகிறதா? நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போய், அப்புறம் எஞ்சின் பிடித்தால், டேங்கின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. அது எஞ்சினின் குற்றமே இல்லை. ஆறிய பிறகுதான் பிடிக்கிறது, அதுவரை பிளக்கில் நெருப்பே இல்லை என்றால் கொயில் சூட்டில் படுக்கிறது.

பலம் இல்லை என்றால், சிரிக்காதீர்கள், சங்கிலி பிரேக் விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது சைலன்சர். பழைய சைலன்சரைப் புது எஞ்சினில் போடும்போது உள்ளே கரி அடைத்திருக்கும். அதற்குப் பிறகுதான் காபரேற்றர் ஸ்குறூ. பழைய எஞ்சினுக்கு வைத்த அளவு புதிதுக்குப் பொருந்தாது. 45 சிசி, 52 சிசி, 58 சிசி மூன்றும் வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கடையில் சிசி பார்த்து வாங்குங்கள்.

தானாக வேகம் ஏறினால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஸ்குறூவைத் தொட வேண்டாம். பூட், கெஸ்கட், கிராங்கின் இரு பக்க ஒயில் சீல், இந்த இடங்களில் கள்ளக் காற்று. சோதிக்கிற முறை இது: பிளக் பூட்டியபடி பிஸ்டனை மேலே நிறுத்தி, சைலன்சரைக் கழற்றி அந்த வாயைச் சைக்கிள் டியூப் துண்டு வைத்து இறுக்கி, பூட்டின் வாய் வழியாகப் பம்பால் மெல்லக் காற்று ஏற்றுங்கள். அரை பார் போதும், சைக்கிள் சில்லுக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் சீல் பிதுங்கிவிடும். சுற்றிவரச் சவர்க்கார நுரை. நுரை எங்கே பொங்குகிறதோ அங்கே ஓட்டை. கெஸ்கட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிலிக்கன் பூசியவர்களும் உண்டு, அது பெற்றோல் பட்டுக் கரைந்து போகும்.

கிளச்சைக் கழற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இடது மரை. வலமாகத் திருப்பினால்தான் கழரும். பிஸ்டனை நிறுத்துவதற்குப் பிளக் ஓட்டைக்குள் ஸ்குறூட்ரைவரை விடுகிறார்கள், புது பிஸ்டனுக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை. ஒரு முழம் நூல் கயிற்றை உள்ளே விடுங்கள்.

கலந்த பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். 2022இல் பெற்றோல் வரிசையும் கான் தடையும் வந்தபோது, நம்பர் பிளேட் இல்லாத மெசின் வைத்திருந்தவன் கறுப்பில் வாங்கி மாதக்கணக்கில் ஒளித்து வைத்தான். அந்தப் பழக்கம் சில லயங்களில் இன்னும் போகவில்லை.

இனி, கடையில் நிற்கிற உங்களுக்கு. போன் வந்தவுடன் காசைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். முதலில் பழைய பிஸ்டனைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சைலன்சர் பக்கம் ஒன்று, காற்றுப் பக்கம் ஒன்று. ஏன் செத்தது என்று அங்குள்ள பாஸைச் சொல்ல வையுங்கள். சொல்ல முடியாவிட்டால் எஞ்சினை வாங்க வேண்டாம். வாங்கினால் எஞ்சினோடு பூட், கெஸ்கட், பெற்றோல் குழாய், பில்டர், பிளக் ஐந்தும் புதிதாக வாங்குங்கள். பில் கேளுங்கள். பில் இல்லாமல் நுகர்வோர் விவகார அதிகார சபைக்குப் போனால் வெறுங்கையோடு நிற்பீர்கள். இங்கே ஹாட்வெயாரிலும் மெசின் கடையிலும் வேலை செய்கிற தம்பிமார் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். நம்ம பக்கத்து ஆள் எஞ்சின் கேட்டு வந்தால் "பூட் எடுத்தீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். முதலாளிக்கும் அதில் நட்டமில்லை, இன்னொரு சாமான் விற்கிறது.

அந்தக் கடைக்கு நானும் அண்ணனும் மறுபடி போனோம். தாளில் இருந்த எண்ணெய் வட்டத்தையும் இரண்டு பிஸ்டனையும் காட்டினோம். எஞ்சினில் குற்றமில்லை என்பதையும் நாங்களே சொன்னோம், அதை மறைத்துக் காசு கேட்பது சரியில்லை. ஆனால் ஒயில் போடவில்லை என்று சொன்னது பிழை, பூட் இல்லாமல் விற்கும்போது அதை மாற்றச் சொல்லியிருக்க வேண்டும் என்றோம். முதலாளி கொஞ்ச நேரம் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிலிண்டர், பிஸ்டன் செற்றை வாங்கிய விலைக்குத் தந்தார், பூட்டும் கெஸ்கட்டும் இலவசம். எனக்கு அது முழு நியாயம் என்று தோன்றவில்லை. அண்ணனுக்குப் போதும் என்று தோன்றியது, காசு அவருடையது. வாள் இப்போது ஓடுகிறது.

பிறகு சொல்கிறேன் என்று ஒன்றை வைத்திருந்தேன். சங்கிலி வாள் சும்மா நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று அளவில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் கிளச் பிடிக்காது, சங்கிலி சுற்றாது. கள்ளக் காற்றால் வேகம் தானாக ஏறினால் கிளச் பிடிக்கும், ட்ரிகரை விட்ட பிறகும் சங்கிலி ஓடும். இரண்டாம் நாள் காலை மூவரில் இளையவன் ஒரு கிளையை வெட்டி முடித்து, ட்ரிகரை விட்டு, வாளை வழக்கம் போலத் தொடைப் பக்கம் இறக்கினான். சங்கிலி நின்றுவிட்டது என்று நினைத்தான். முழங்காலுக்கு மேலே பதினொரு தையல். எலும்பில் படவில்லை. ஐந்து கிழமை வேலை இல்லை. மற்ற இருவரும் அவனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள், திரும்பி வந்து மிச்ச மரத்தை வெட்டப் போய்த்தான் எஞ்சின் இறுகியது. மிச்சத்தை ஏன் வெட்டப் போனீர்கள் என்று கேட்டேன். மரத்துக்குத்தான் காசு சேர், ஆளுக்கு இல்லையே என்றான் மூத்தவன்.

கொந்தராத்துக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டாயிரம் ரூபாவும் ஒரு பை தோடம்பழமும் கொடுத்தார். தோட்டத்தில் கேட்டால் செக்ரோலில் பேர் இல்லை என்றார்கள். கொந்தராத்துக்காரரைக் கேட்டால், அவர்கள் என் ஆட்கள் இல்லை, வாள் அவர்களுடையது, சொந்தத் தொழில் என்கிறார். வாளின் காசைக் கூலியில் பிடிக்கும்போது ஆள் அவருடையது, தொடை வெட்டுப்பட்டதும் தொழில் நம்முடையது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் வந்தது. பாட்டன் காலத்துச் சட்டம். கொந்தராத்து என்ற சொல்லைச் சொன்னவுடன் அது ஓடி ஒளிந்துவிடாது. யார் வேலை கொடுத்தார், யார் நேரம் குறித்தார், யார் கருவி கொடுத்தார், யார் கூலி கொடுத்தார் என்பவற்றைக் காட்ட வேண்டும். அதற்குச் சாட்சி வேண்டும். இளையவனிடம் இருந்தது ஒரு கொப்பியின் நாலு பக்கம்: எந்த நாள், எந்த மலை, எத்தனை மரம், எவ்வளவு பிடித்தார். அந்தக் கொப்பியை வைத்து மனுப் போட்டிருக்கிறோம், விசாரணைக்குத் திகதி வரவில்லை. உங்கள் வீட்டில் யாராவது கொந்தராத்தில் வெட்டப் போனால் அப்படி ஒரு கொப்பி எழுதச் சொல்லுங்கள். காயம் பட்டால் வைத்தியசாலைத் துண்டில் "வேலை செய்யும்போது" என்று எழுதும்படி கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் விழுந்தேன் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி நேரத்துக்கு முன்பே ஒரு தம்பி துண்டு எழுதி அனுப்பியிருக்கிறார், பழைய எஞ்சினை இரும்புக்கு விற்கலாமா என்று. விற்க வேண்டாம், இரண்டு காரணம். ஒன்று, அது சாட்சி என்பதை இப்போது பார்த்தீர்கள். மற்றது நம்பர். 2019இல் வாள் வைத்திருக்கிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். அதே வருடம் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வாள் இறக்குமதியையே நிறுத்தப் போவதாகச் சொன்னார். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதைப் பார்த்த நமக்கு மரத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சோதனை என்று வந்தால் துண்டு கேட்பது வாள் பிடித்தவனிடம்தான், மரத்தை விற்றவரிடம் இல்லை. உங்கள் வாளில் நம்பர் எஞ்சின் கூட்டில் அடித்திருந்தால், முழு எஞ்சினையும் மாற்றியவுடன் பதிவுத் துண்டில் ஒரு நம்பர், வாளில் வேறு நம்பர். கள்ள வாள் என்று பிடிக்க அது போதும். மாற்றியவுடன் பில்லையும் பழைய கூட்டையும் கொண்டுபோய்த் திருத்தச் சொல்லுங்கள். பலா, ஈரப்பலா வெட்டக் கூப்பிட்டால் அனுமதிப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் வாளைத் தூக்க வேண்டாம், 1951ஆம் ஆண்டிலிருந்து அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

செயலாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். இரண்டு பிஸ்டனும் அந்தப் பழைய பூட்டும் மேசையில் இருக்கின்றன. தேத்தண்ணி வருவதற்குள் ஒவ்வொருவராக வந்து பூட்டைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். வெடிப்பு அடிப்பக்கம் இருக்கிறது, மேலே பார்த்தால் தெரியாது.